கறையோடு நிறமும் கரையும்

திருப்பதிக்குப் போய்த் திரும்பும் தமிழ்க் குடும்பங்களின் பையில் லட்டுக்கு அடுத்தபடியாக இடம்பிடிப்பவை பொம்மைகள். செஞ்சந்தனத்தில் செதுக்கிய மரப்பாச்சி ஜோடி, குழந்தைகளுக்கு அரக்குப் பூசிய மரச்சொப்பு, அப்படியே ஸ்ரீகாளஹஸ்திக்கும் போய் வந்தவர்கள் என்றால் ஒரு கலம்காரித் துணி. இந்த மூன்றும் வீட்டு அலமாரியில் பல ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். என்றாவது ஒரு நாள், பெரும்பாலும் நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டும் பரபரப்பில், இவற்றில் ஏதாவது ஒன்றின் மேல் நெயில் பாலிஷ் கொட்டும்.

கொட்டியதும் கை தானாக ரிமூவர் பாட்டிலைத் தேடும். அது கிடைக்காவிட்டால் சானிடைசர், அதுவும் இல்லையென்றால் தச்சர் விட்டுப்போன ஸ்பிரிட் அல்லது தின்னர். பஞ்சில் நனைத்து மரப்பாச்சியின் மேல் தேய்த்தால் பஞ்சு சிவந்துவிடும். கறை நன்றாகக் கரைகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். பாலிஷ் போன பிறகும் பஞ்சு சிவந்துகொண்டே இருக்கும்போதுதான் விஷயம் புரியும். இப்போது வருவது பாலிஷின் சிவப்பு அல்ல, மரத்தின் சிவப்பு.

கறை நீக்கும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கறைக்கு எந்தத் திரவம் என்று மட்டுமே சொல்கின்றன. கறைக்குக் கீழே இருக்கும் பொருள் அந்தத் திரவத்தைத் தாங்குமா என்று கேட்பதில்லை. பாழாகும் பொருள்களில் பல கறையால் பாழாவதில்லை. கறையை எடுக்கப் போய்த்தான் பாழாகின்றன.

மரத்துக்குள் இருக்கும் சாயம்

செஞ்சந்தனம் உலகில் இயற்கையாக வளரும் இடம் மிகச் சிறியது. திருமலையைத் தாங்கி நிற்கும் சேஷாசலம் மலைத்தொடரும், அதை ஒட்டிய கடப்பை, நெல்லூர், சித்தூர் பகுதிக் குன்றுகளும்தான் அதன் முக்கியத் தாயகம். சந்தனத்தின் மணம் இதற்குக் கிடையாது. இதன் பெருமை நிறத்தில் இருக்கிறது. வெளிப்புற மரம் வெளிறியிருக்கும். உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த பகுதி மட்டும் ஆழ்ந்த சிவப்பு. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அந்த வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். கடத்தலால் அழிந்துவருவதால், 1995-இல் இது பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் இதை அருகிவரும் இனமாக வகைப்படுத்தியது. பரம்பரையாக வந்த ஒரு செஞ்சந்தன மரப்பாச்சி கெட்டுப்போனால், அதே மரத்தில் இன்னொன்று வாங்குவது இன்று எளிதல்ல.

அந்தச் சிவப்புக்குக் காரணம் சான்டலின் என்ற சாயப்பொருள். இது தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதனால்தான் மரப்பாச்சியை ஈரத்துணியால் துடைத்தாலும் நிறம் போவதில்லை. ஆனால் ஆல்கஹாலில் சான்டலின் தாராளமாகக் கரையும். ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஒரு காலத்தில் விற்ற கூட்டு லாவண்டர் டிங்ச்சருக்குச் செந்நிறம் கொடுத்தது ஆல்கஹாலில் ஊறிய இந்தச் செஞ்சந்தனத் தூள்தான். அசிட்டோனும் இந்தச் சாயத்தை இழுக்கும். வாஷிங் சோடா போன்ற காரப்பொருள் பட்டால் சாயம் கரைவதோடு நிறமும் ஊதாவாகத் திரியும். வீட்டில் கைக்கு எட்டும் மூன்று கறைநீக்கிகளான சானிடைசர், ரிமூவர், சோடா ஆகிய மூன்றுமே செஞ்சந்தனத்துக்கு ஆகாதவை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைகளில் மரப்பாச்சி என்ற பெயரில் வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் ஏற்றிய பொம்மைகளும் விற்கின்றன. அவற்றில் பல, ஈரத்துணி பட்டாலே நிறம் விடும். எனவே ரிமூவர் பட்டு நிறம் வந்தால் அது அசல் என்றும் சொல்ல முடியாது, போலி என்றும் சொல்ல முடியாது.

வெடிமருந்தின் தங்கை

சிறிய கண்ணாடிப் புட்டியில் இருக்கும் நெயில் பாலிஷின் முதுகெலும்பு நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சையும் நைட்ரிக், கந்தக அமிலங்களையும் சேர்த்தால் கிடைப்பது இது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியான் ஷோன்பைன் 1846-இல் இதை உலகுக்கு அறிவித்தபோது, எல்லாரும் இதை வெடிமருந்தாகத்தான் பார்த்தார்கள். அமிலம் ஏறிய அளவைப் பொறுத்து இதன் குணம் மாறும். நைட்ரஜன் அதிகமாக ஏறினால் துப்பாக்கிப் பஞ்சு. குறைவாக ஏறினால் எளிதில் கரைந்து, காய்ந்ததும் பளபளப்பான படலமாகும் பிசின். பாலிஷில் இருப்பது இரண்டாவது வகை.

நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை 1900-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. அதன் பெயரிலேயே இருந்த கார்டைட் என்பது துப்பாக்கிப் பஞ்சு, நைட்ரோகிளிசரின், வாசலின் ஆகிய மூன்றின் கலவை. இவற்றைப் பிசைந்து நூலாக இழுக்க உதவிய கரைப்பான் அசிட்டோன். முதல் உலகப் போரில் அசிட்டோன் பற்றாக்குறை பிரிட்டனை வாட்டியது. மாவுச்சத்தை நுண்ணுயிரிகளால் நொதிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் முறையை உருவாக்கி உதவியவர் கைம் வைஸ்மன். பின்னாளில் இவர்தான் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர். பீரங்கிக்கு மருந்து செய்ய உதவிய அதே இணைதான் இன்று அலங்கார மேசையில் ஒரு புட்டியில் பாலிஷாகவும் மறு புட்டியில் ரிமூவராகவும் இருக்கிறது.

போருக்குப் பிறகு 1920-களில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் கார்களுக்குப் பூசும் வண்ணமாக வந்தது. வேகமாகக் காயும், பளபளக்கும் என்ற அந்தக் குணமே நகத்துக்கும் பொருந்தியது. நிறமித்தூள் கலந்த நெயில் பாலிஷோடு ரெவ்லான் நிறுவனம் 1932-இல் தொடங்கியது. இன்றைய பாலிஷிலும் அடிப்படைச் சேர்மானம் பெரிதாக மாறவில்லை. படலமாகும் நைட்ரோசெல்லுலோஸ், அது உடையாமல் வளைய ஒரு மென்மையாக்கி, நகத்தில் ஒட்ட ஒரு பிசின், நிறமி, எல்லாவற்றையும் கரைத்துவைக்க எத்தில் அசிட்டேட்டும் பியூட்டில் அசிட்டேட்டும். கரைப்பான் ஆவியாகிப் போனதும் படலம் நிற்கும். மறுபடி கரைப்பானை ஊற்றினால் படலம் மறுபடி திரவமாகும். ரிமூவர் வேலை செய்வது இந்த ஒரே தத்துவத்தில்தான்.

கரைவதற்கு ஒரு கணக்கு

ஒரு பொருள் ஒரு திரவத்தில் கரைவதும் கரையாததும் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பைப் பொறுத்தது. இந்த ஈர்ப்பு ஒரே வகையல்ல. எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவான மெல்லிய ஈர்ப்பு ஒன்று. மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் வரும் முனைவு ஈர்ப்பு இரண்டாவது. ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றாவது. இந்த மூன்றையும் எண்களாக்கி, திரவத்தின் மூன்று எண்களும் பிசினின் மூன்று எண்களும் நெருங்கியிருந்தால் கரையும் என்ற முறையை 1967-இல் சார்லஸ் ஹான்சன் வகுத்தார். பெயின்ட் தொழிற்சாலைகள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன.

மூன்றில் ஹைட்ரஜன் பிணைப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலே வீட்டுக் குழப்பங்கள் பாதி தெளியும். தண்ணீருக்கு அது 42.3. எத்தில் ஆல்கஹாலுக்கு 19.4. எத்தில் அசிட்டேட்டுக்கு 7.2. அசிட்டோனுக்கு 7. டர்பன்டைனுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஏறக்குறைய பூஜ்யம். நைட்ரோசெல்லுலோஸின் எண் சுமார் 9. பாலிஷ் கறையில் தண்ணீரும் தோற்கும், மண்ணெண்ணெயும் தோற்கும். தண்ணீர் ஒரு எல்லையில் நிற்கிறது, மண்ணெண்ணெய் எதிர் எல்லையில் நிற்கிறது. நடுவில், பிசினுக்குப் பக்கத்தில் நிற்பவை அசிட்டோனும் எத்தில் அசிட்டேட்டும்தான். சானிடைசரும் சென்ட்டும் பாலிஷைச் சற்று இளக்கிப் பிசுபிசுக்க வைக்குமே தவிர, ரிமூவர் போலச் சுத்தமாகக் கரைப்பதில்லை.

எண்கள் சொல்லும் இன்னொரு வியப்பும் உண்டு. ஈதர் தனியாக நைட்ரோசெல்லுலோஸைச் சரியாகக் கரைக்காது. ஆல்கஹாலும் தனியாகக் கரைக்காது. இரண்டையும் கலந்தால் கரைத்துவிடும். கலவையின் எண் இரண்டுக்கும் நடுவே வந்து பிசினின் எண்ணை நெருங்குவதே காரணம். அப்படிக் கிடைத்த கொல்லோடியன் என்ற பசையைக் கண்ணாடியில் பூசித்தான் 1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் புகைப்படத் தகடு செய்தார். பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரும் இப்படிப்பட்ட கலவைதான். ஒரே திரவம் அல்ல, பல கரைப்பான்களின் கூட்டு. பாலிஷ், வார்னிஷ், பிளாஸ்டிக் என்று பலவற்றை அது ஒரே மூச்சில் தாக்குவது இதனால்தான்.

டூத்பேஸ்ட், எலுமிச்சை, வினிகர் என்று பரிந்துரைக்கப்படும் மற்றவை எதுவும் பாலிஷைக் கரைப்பதில்லை. டூத்பேஸ்டில் இருக்கும் நுண்துகள் தேய்த்து உரிக்கிறது, அவ்வளவுதான். கீழே இருக்கும் வார்னிஷின் பளபளப்பையும் அதே துகள் சேர்த்து உரித்துவிடும்.

மூன்று பொருளுக்கு மூன்று வழி

மரப்பாச்சியின் மேல் பாலிஷ் கொட்டினால் முதலில் செய்யவேண்டியது, துடைக்காமல் இருப்பது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை பரவி, செதுக்கிய கோடுகளுக்குள்ளும் மரத்தின் துளைகளுக்குள்ளும் இறங்கும். நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்த படலம் மொறுமொறுப்பாகிவிடும். பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் மெல்ல நெம்பினால் பெரும்பகுதி செதில் செதிலாக உரிந்து வரும். மிச்சம் இருக்கும் திட்டுக்கு மட்டும், காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் ரிமூவரைத் தொட்டு, பிழிந்துவிட்டு, கறையின் மேல் ஒற்றி எடுக்க வேண்டும். கறையைத் தாண்டிப் போகக் கூடாது. பஞ்சு செம்மரச் சிவப்பாக மாறத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

அப்படியும் அடையாளம் நின்றால், அசல் செஞ்சந்தனத்தில் மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. அதன் சிவப்பு மேலே பூசியது அல்ல, வைரம் முழுவதும் ஊடுருவியது. எனவே மிக நைஸான உப்புத்தாளால் அந்த இடத்தை மரத்தின் இழை ஓட்டத்திலேயே லேசாகத் தேய்த்தால், கறை போன இடத்தில் புதிய சிவப்பு தெரியும். சான்டலின் நல்லெண்ணெயில் எளிதில் கரைவதில்லை. அதனால் நிறம் போகுமோ என்ற பயமின்றி, துணியில் ஓரிரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் ஒன்றுபோலத் தெரியும். சாயம் ஏற்றிய பொம்மையில் உப்புத்தாளைத் தொடவே கூடாது. கீழே வெள்ளை மரம் பல்லிளிக்கும்.

அரக்குச் சொப்பின் கதை வேறு. கர்நாடகத்தின் சென்னபட்டணம், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா, தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் மரக்கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நிறமேற்றிய அரக்குக் கட்டியை அதன் மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். புரசு, குசும், இலந்தை மரங்களின் கிளைகளில் மொய்க்கும் சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் இந்த அரக்கு. அதற்கு மிகப் பிடித்த கரைப்பான் ஆல்கஹால். ரிமூவர் இல்லை என்று சானிடைசரை எடுத்தால், பாலிஷ் அப்படியே இருக்க, அடியில் இருக்கும் அரக்கு முதலில் கரையும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த சானிடைசர் சேர்மானத்தில் எத்தில் ஆல்கஹால் 80 சதவீதம் என்பதை நினைவில் வைத்தால் போதும். கொரோனா காலத்தில் பல வீடுகளில் மேசையிலும் கதவுப்பிடியிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றியதற்கும் இதுவே காரணம். அசிட்டோன் அரக்கைப் பகுதியளவே கரைக்கும், ஆனாலும் பளபளப்பைக் கெடுத்துவிடும். எனவே சொப்புச் சாமானில் காயவிட்டு உரித்தெடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. குழந்தை வாயில் வைக்கும் பொருள் என்பதால் கரைப்பான் தடவாமல் இருப்பது இன்னொரு வகையிலும் நன்மை.

ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரி இவ்விரண்டுக்கும் நேர் எதிர். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் வளர்ந்த இந்தக் கலையில் பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நொதிக்கவைத்த கரைசலை, கலம் எனப்படும் மூங்கில் எழுதுகோலால் தொட்டு எழுதுவார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் துணியின் மேலேயே கூடி, கரையாத கருப்பாக மாறும். சிவப்புக்குப் படிகாரம் அதே வேலையைச் செய்யும். சாயம் உலோகத்தின் வழியாக இழையோடு பிணைந்திருப்பதால் அசிட்டோனுக்கு எளிதில் அசையாது. பருத்தியும் அசிட்டோனில் கரையாது. ஆகவே முறையாகச் செய்த கலம்காரியில் பாலிஷ் கறைக்கு ரிமூவர் துணிந்து பயன்படுத்தக்கூடியது. அதன் எதிரி எலுமிச்சை. சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். எலுமிச்சை பட்ட இடத்தில் கருப்புக் கோடு வெளிறிவிடும்.

கலம்காரி என்று விற்கும் அச்சுத் துணிகளுக்கு இந்த உறுதி கிடையாது. அதனால் எந்தத் துணியானாலும் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். கறையுள்ள பக்கம் கீழே இருக்குமாறு துணியை வெள்ளைத் துண்டின் மேல் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து ரிமூவரை ஒற்ற வேண்டும். கரைந்த பாலிஷ் அடியிலிருக்கும் துண்டில் இறங்கும். துண்டை அடிக்கடி நகர்த்திப் புது இடத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கிய நிறம் மறுபடி துணிக்கே ஏறும். பருத்தி, பட்டு, பாலியெஸ்டர் இழைகளை அசிட்டோன் கரைக்காது. அசிட்டேட் ரேயானைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும். அந்த இழை நைட்ரோசெல்லுலோஸின் உறவுக்காரன். இரண்டும் செல்லுலோஸிலிருந்து பிறந்தவை. உட்புறத் துணியாகவும் சாட்டினாகவும் அது உடைகளில் ஒளிந்திருக்கும். மூக்குக்கண்ணாடிச் சட்டங்களில் பலவும் இதே அசிட்டேட்தான். கொலுவுக்கு வைக்கும் தெர்மகோல் கோபுரத்தில் ரிமூவர் சிந்தினால், கண் முன்னாலேயே அது குழிந்து உட்காரும்.

மேசையில் பூசியது என்ன?

வார்னிஷ் பூசிய மேசையில் பாலிஷ் சிந்தினால் கேள்வி இன்னும் கடினமாகிறது. பேச்சு வழக்கில் எல்லாமே வார்னிஷ், எல்லாமே பாலிஷ். தச்சரைக் கேட்டால் நான்கைந்து வகை சொல்வார். பழைய நாற்காலிகளில் பிரெஞ்ச் பாலிஷ் இருக்கும். அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. சில பத்தாண்டுகளாக வந்த மரச்சாமான்களில் என்.சி. லேக்கர் இருக்கும், அது நெயில் பாலிஷில் இருக்கும் அதே நைட்ரோசெல்லுலோஸ். கதவுகளில் ஆளிவிதை எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ். புதிய சோபாக்களிலும் கட்டில்களிலும் மெலமைன் அல்லது பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன்.

இந்த வகைகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். அரக்கும் லேக்கரும் வெறுமனே உலர்ந்தவை. கரைப்பான் போனதால் திடமானவை. எனவே மறுபடி கரையும். எண்ணெய் வார்னிஷும் பி.யூ.வும் அப்படியல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே வலையாகிவிடும். பி.யூ.வில் இரண்டு பொருள்கள் வினைபுரிந்து அந்த வலை உண்டாகிறது. வலையான பிறகு எந்தக் கரைப்பானும் அதைத் திரவமாக்க முடியாது. ஊறவைத்து உப்பவைக்கலாம், சுரண்டலாம், அவ்வளவே. அழகு நிலையங்களில் போடும் ஜெல் பாலிஷ் புற ஊதா விளக்கில் இதேபோல் கோத்துக்கொள்வதால்தான் அதை எடுக்க விரல்களை அசிட்டோனில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துச் சுரண்டுகிறார்கள்.

மேசையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள மரவேலைக்காரர்கள் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. பலகையின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட். ஒரு நிமிடத்தில் பிசுபிசுத்தால் அரக்கு. அசையாவிட்டால் பக்கத்தில் ஒரு சொட்டு தின்னர். இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பி.யூ. கடைசி வகையில் மட்டும் ரிமூவரைத் தொட்டு ஒரே இழுப்பில் பாலிஷ் கறையைத் துடைத்தெடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றலாம். லேக்கர் மேசையில் கறையையும் மேல்பூச்சையும் ரிமூவரால் பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே பொருள். அங்கே காயவிட்டு உரிப்பதுதான் வழி, குழி விழுந்தால் தச்சரிடம் மேல்பூச்சு அடிக்கச் சொல்வதுதான் முடிவு.

வார்னிஷே துணியில் கறையாக விழுந்தாலும் இந்தக் கணக்குதான். பிரெஞ்ச் பாலிஷ் கறைக்கு ஸ்பிரிட். லேக்கர் கறைக்கு ரிமூவர் அல்லது தின்னர். எண்ணெய் வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே டர்பன்டைன் தொட்டு ஒற்றினால் போய்விடும், ஒரு நாள் தாமதித்தால் கறை வலையாகிவிடும். கையில் ஒட்டிய எண்ணெய் வார்னிஷுக்கு டர்பன்டைன் தேவையில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் தோலுக்கும் நல்லது.

அஜந்தாவில் ஒரு நூற்றாண்டுக் கறை

இந்தியாவில் மிகப் பெரிய வார்னிஷ் கறை விழுந்த இடம் அஜந்தா. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஓவியங்களைப் படியெடுக்க வந்தவர்கள், மங்கிய நிறங்கள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று சுவரின் மேல் வார்னிஷ் பூசினார்கள். பிறகு 1920-இல் ஹைதராபாத் நிஜாம் அரசு, ஓவியங்களைக் காப்பாற்ற இத்தாலியிலிருந்து லோரென்ஸோ செக்கோனியையும் அவருடைய உதவியாளர் ஓர்சினியையும் வரவழைத்தது. பெயர்ந்து விழவிருந்த பூச்சுகளை அவர்கள் சுவரோடு ஒட்டவைத்தார்கள்; அதற்காக இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகிறார்கள். ஆனால் உதிரும் நிறங்களைப் பிடித்து நிறுத்த அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகிப் பழுப்பேறியது. ஓவியர்கள் தீட்டிய நீலமும் பச்சையும் அந்தப் பழுப்புக்குப் பின்னால் மறைந்தன.

குகைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வந்த பிறகு, அதன் வேதியியலாளர்கள் அந்த அரக்கை எடுக்கும் வேலையைப் பல பத்தாண்டுகள் செய்துவந்தார்கள். புது அரக்கு ஆல்கஹாலில் சட்டென்று கரையும். வயதான அரக்கின் மூலக்கூறுகளோ தமக்குள் பிணைந்துகொண்டு பிடிவாதமாகிவிடும். அதற்காக வலுவான எதையும் ஊற்றிவிட முடியாது. அஜந்தா ஓவியம், மண்ணும் வைக்கோலும் கலந்த பூச்சின் மேல், பசை கலந்த நிறங்களால் தீட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் அந்தப் பசையும் இளகும், மண்ணும் இளகும். எனவே கரிமக் கரைப்பான்களின் கலவைகளைச் சிறு திட்டுகளில் சோதித்து, பஞ்சில் தொட்டு, அங்குலம் அங்குலமாகத்தான் எடுக்க முடிந்தது. எந்தக் கரைப்பான் என்பதை அங்கே தீர்மானித்தது அரக்கு மட்டும் அல்ல, அரக்குக்குக் கீழே இருந்த ஓவியமும்தான்.

கரைப்பான்களோடு கவனம்

இந்தத் திரவங்களின் ஆபத்து அவற்றின் மணத்தில் தெரிவதில்லை. அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட இரு மடங்கு கனம், எனவே மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து அடுத்த அறைக்கும் போகும். கொலு வைத்த கூடத்தில் குத்துவிளக்கும் ஊதுவத்தியும் எரிந்துகொண்டிருக்கும்போது ரிமூவர் பாட்டிலைத் திறப்பது மிகவும் ஆபத்து. அடுப்படிக்குப் பக்கத்தில் ஸ்பிரிட்டையும் தின்னரையும் வைப்பதும் அப்படியே.

எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெளிவரும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் சேர்ந்து, நெருப்புக் காட்டாமலே தீப்பிடிக்கும். அவற்றைத் திறந்த வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ ரிமூவரோடும் ஸ்பிரிட்டோடும் சேர்க்கவே கூடாது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கத்ரி 1831-இல் குளோரோஃபார்ம் தயாரித்தது பிளீச்சிங் பவுடரையும் விஸ்கியையும் சேர்த்து வடித்துத்தான். குளியலறையில் அந்தச் சோதனை நடக்க வேண்டாம்.

ரிமூவர், ஸ்பிரிட், தின்னர், டர்பன்டைன் எதையும் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய புட்டியிலேயே, மூடியை இறுக்கி, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.